197 முதல் 1.1.1.1 வரை

எங்கள் வீட்டுத் தொலைபேசி மேசையின் இழுப்பறையில் ஒரு பழைய கோடு போட்ட நோட்டு இன்னும் கிடக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில், பால் கணக்குக்கும் கேஸ் புக்கிங் எண்ணுக்கும் நடுவே, புள்ளி வைத்துப் பிரித்த இரண்டு நீள எண்கள். பக்கத்தில் நீல மையில் ‘டி.என்.எஸ்.’ என்று எழுதியிருக்கும். எழுதியவர் 2006-ல் எங்கள் வீட்டு பிராட்பேண்டைச் சரிபார்க்க வந்த ஒரு இளைஞர்.

திண்டுக்கல்லுக்கு பிராட்பேண்ட் அப்போதுதான் பழக ஆரம்பித்திருந்தது. அதற்கு முன்னால் நெட் பார்க்க வேண்டுமென்றால் பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். வீட்டிலேயே டயல்-அப் வைத்திருந்தவர்கள் போன் லைனை அடைத்துக்கொண்டு, அந்தக் கிறீச்சொலியைக் கேட்டுக் காத்திருக்க வேண்டும். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். வழியாக. பி.எஸ்.என்.எல். தன் டேட்டாஒன் பிராட்பேண்டைத் தொடங்கியது 2005 ஜனவரியில். 2004-ல் மத்திய அரசு வகுத்த கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே அதற்குப் பெயர் பிராட்பேண்ட். இன்று அந்த வேகத்தில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு வீடியோகூட ஓடாது. அன்று எங்களுக்கு அது வாய்க்கால் நிறையத் தண்ணீர்.

2006-ல் ஒரு நாள் மோடத்தில் எல்லா விளக்கும் எரிந்தது. ஒரு பக்கமும் திறக்கவில்லை. இரண்டு நாள் பொறுத்துவிட்டு ஆளை வரவழைத்தேன். வந்தவர் மோடத்தைத் தொடவே இல்லை. கணினியில் உட்கார்ந்து கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ ஒரு எண்ணைத் தட்டினார். பதில் வந்தது. அடுத்து ஒரு பெயரைத் தட்டினார். பதில் வரவில்லை.

“லைன் நல்லாத்தாண்ணே இருக்கு. பேரைச் சொன்னா நம்பர் சொல்ற சர்வர்தான் பேச மாட்டேங்குது” என்றார்.

“அப்படின்னா என்ன தம்பி?”

“நம்ம 197 மாதிரிண்ணே.”

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு விளங்கியதுபோல அதற்குப் பிறகு படித்த எந்தப் புத்தகமும் விளக்கவில்லை. 197-ஐ அறியாத தலைமுறை வந்துவிட்டதால் அதைச் சொல்லிவிட வேண்டும். தரைவழித் தொலைபேசிக் காலத்தில் ஒருவருடைய பெயரும் ஊரும் தெரியும், எண் தெரியாது என்றால் 197-ஐச் சுழற்றுவோம். மறுமுனையில் ஒரு குரல், பெரும்பாலும் ஒரு அம்மாவின் குரல், பெயரையும் தெருவையும் கேட்டு எண்ணைச் சொல்லும். தொலைபேசி எந்திரத்துக்குப் பெயர் புரியாது, எண்தான் புரியும். நமக்கோ எண் நினைவில் நிற்காது, பெயர்தான் நிற்கும். இரண்டுக்கும் நடுவே ஆள் வேண்டியிருந்தது.

இணையத்திலும் அதே கதைதான். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். கணினிக்கு வேண்டியது அந்தத் தளம் இருக்கும் எந்திரத்தின் எண். அந்த எண்ணைக் கேட்டுச் சொல்வதுதான் டி.என்.எஸ். அன்று அந்த இளைஞர் செய்த வேலை, பேசாமல் போன ஒரு 197-க்குப் பதிலாக அதே நிறுவனத்தின் இன்னொரு 197-ஐக் கணினிக்கு அறிமுகம் செய்துவைத்ததுதான். பத்து நிமிடமும் ஆகவில்லை. போகும்போது என் நோட்டில் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எழுதிவைத்தார். “எதை மாத்துனாலும் முன்ன இருந்ததை எழுதி வச்சுட்டு மாத்துங்கண்ணே” என்றார்.

197 வருவதற்கு முன்னால், அல்லது அதன் கூடவே, டைரக்டரி இருந்தது. தடிமனான புத்தகம். அச்சாகி வீட்டுக்கு வரும்போதே பாதி எண்கள் மாறியிருக்கும். இணையத்துக்கும் அப்படி ஒரு டைரக்டரிக் காலம் இருந்தது என்பது பலருக்கும் தெரியாது. 1970-களில் அமெரிக்காவில், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இணைந்திருந்த எந்திரங்களின் பெயர்களும் எண்களும் ஒரே ஒரு கோப்பில் இருந்தன. கலிபோர்னியாவில் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு அதைப் பராமரித்தது. புதிதாக ஒரு எந்திரம் சேர வேண்டுமென்றால் அவர்களிடம்தான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் அந்தக் கோப்பை அவ்வப்போது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்திரங்கள் பெருகப் பெருக அந்த ஒற்றைக் கோப்பு தாங்கவில்லை. 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வேறு வழி வகுத்தார். முழுப் பட்டியலையும் ஒரே இடத்தில் வைக்காமல், அவரவர் ஊர்ப் பட்டியலை அவரவரே வைத்துக்கொள்வது. இன்று நாம் பயன்படுத்தும் டி.என்.எஸ். அதுதான். பழைய கோப்பும் முழுதாக மறைந்துவிடவில்லை. உங்கள் விண்டோஸ் கணினியின் உள்ளே ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு இப்போதும் இருக்கிறது. கணினி வெளியே கேட்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

அவரவர் பட்டியலை அவரவர் வைத்துக்கொண்டால் தேடுவது எப்படி? நம் பக்கத்தில் ஊர் தேடிப் போவதுபோலத்தான். குஜிலியம்பாறைக்கு உள்ளே இருக்கும் ஒரு சின்ன ஊரில் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் கேட்டால் அவர் வீட்டைச் சொல்ல மாட்டார்கள். “குஜிலியம்பாறை போய் இறங்கிக் கேளுங்க” என்பார்கள். அங்கே பெட்டிக்கடையில் கேட்டால் ஊருக்குப் போகும் பாதையைக் காட்டுவார்கள். ஊர் மந்தையில் கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். நம் மாவட்டத்தின் அரசுத் தளம் டிண்டிகுல்.நிக்.இன் என்ற பெயரில் இருக்கிறது. அந்தப் பெயரைக் கணினி கேட்டால், விடை தேடும் சர்வர் அதை வலமிருந்து இடமாகப் படிக்கும். முதலில் உலகத்துக்கே பொதுவான ரூட் சர்வரிடம் போகும். அது, “இன் என்று முடிகிறதா, இந்தியாவின் பட்டியல் வைத்திருப்பவரிடம் கேள்” என்று அனுப்பும். அவர் அரசின் நிக் அமைப்பிடம் அனுப்புவார். நிக்தான் கடைசியில் எண்ணைச் சொல்லும். ரூட் சர்வர்களுக்கு ஏ முதல் எம் வரை 13 பெயர்கள். ஆனால் அவற்றின் பிரதிகள் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஓடுகின்றன. எஃப் என்ற எழுத்துக்கு உரியதன் பிரதி ஒன்று சென்னையிலும் உண்டு. இவ்வளவு அலைச்சலும் கண் இமைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒருமுறை கேட்டு வந்த விடையை அந்தச் சர்வர் குறிப்பிட்ட நேரம்வரை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்து கேட்பவருக்கு அலையாமலே சொல்லிவிடும்.

அன்று கணினியில் டி.என்.எஸ். எண்ணை மாற்றுவது என்பது எங்களுக்கு ஒரு பெரிய காரியம். விண்டோஸ் எக்ஸ்பி. கண்ட்ரோல் பேனலில் நுழைந்து, நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் போய், லோக்கல் ஏரியா கனெக்ஷனை வலது கிளிக் செய்து, பட்டியலில் இன்டர்நெட் புரோட்டோகால் என்ற வரியைத் தேடிப் பிடித்து, அதன் பிராப்பர்டீஸில் கீழ்ப்பாதியில் இருக்கும் இரண்டு கட்டங்களில் எண்ணை இட வேண்டும். மேல்பாதியில் தவறிக் கை வைத்துவிட்டால் இணைப்பே போய்விடும். என்ன ஆச்சோ என்று உள்ளங்கை வியர்க்கும். என் நண்பர்கள் சிலர் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். போனவர்களோ ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டார்கள்: நெட் என்பது ஒரே ஒரு பொருள் அல்ல, லைன் வேறு, பெயர் சொல்லும் ஆள் வேறு, தளம் வேறு, இதில் எது படுத்தாலும் நமக்குத் தெரிவது ‘நெட் வரல’ என்ற ஒன்றுதான். அந்தப் பிரிவினை தெரிந்தவர் பாதி மெக்கானிக்.

2009 டிசம்பரில் கூகுள் 8.8.8.8 என்ற பொது டி.என்.எஸ்-ஐத் திறந்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே ஓபன்டிஎன்எஸ் வந்திருந்தாலும், அதன் எண் நீளமானது. 8.8.8.8 ஒரு தரம் கேட்டாலே மனதில் ஒட்டிக்கொள்ளும். கூடவே ஒரு தவறான நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டது. ‘நாலு எட்டு போட்டா நெட் வேகம் கூடும்’ என்று கணினிக் கடைகளிலேயே சொன்னார்கள். கூடாது. நீங்கள் வாங்கியிருப்பது 2 எம்பிபிஎஸ் என்றால் டி.என்.எஸ். மாற்றிய பிறகும் அது 2 எம்பிபிஎஸ்தான். கூடக்கூடியது, பக்கம் திறக்கத் தொடங்கும் முன் பெயருக்கு எண் கண்டுபிடிக்கும் அந்த ஒரு கணம் மட்டுமே. பழைய சர்வர் மந்தமாக இருந்தால் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இல்லையென்றால் தெரியாது. 197-ல் சீக்கிரம் எண் சொல்லிவிட்டால், அதற்காக எதிர்முனையில் இருப்பவர் வேகமாகப் பேச மாட்டார்.

அந்த நாலு எட்டு தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு பேச்சானது 2012 கோடையில். தனுஷ் நடித்த ‘3’ படத்தின் திருட்டுப் பதிப்பு இணையத்தில் பரவக் கூடாது என்று தயாரிப்பாளர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் உத்தரவு பெற்றது. பெயர் தெரியாத யார்மீதும் செல்லும்படியான உத்தரவு அது. அதை வைத்து இணைப்பு நிறுவனங்கள் மே மாதத்தில் குறிப்பிட்ட பக்கங்களோடு நிற்காமல் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுதாகவே மூடின. சில நிறுவனங்கள் மூடியது டி.என்.எஸ். அளவில் மட்டும். கேட்டால் எண் சொல்லாது, அவ்வளவுதான். வேறு டி.என்.எஸ்-இடம் கேட்டவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது. குறும்படம் எடுத்து விமியோவில் ஏற்றி வைத்திருந்த பையன்களுக்குத் தங்கள் படத்தையே பார்க்க முடியாமல் போனதை நான் நேரில் பார்த்தேன். ஜூன் மாதத்தில் நீதிமன்றமே, திருட்டுப் பிரதி இருக்கும் குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் மூடினால் போதும் என்று தெளிவுபடுத்தியது. திருட்டுப் படம் பார்ப்பதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒரு பெயரை எண்ணாக்கிச் சொல்பவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று சாதாரண ஆட்கள் புரிந்துகொண்ட மாதம் அது.

அந்த அதிகாரம் திருடன் கையில் போனால் என்ன ஆகும் என்பதையும் அதே ஆண்டு காட்டியது. டி.என்.எஸ்.சேஞ்சர் என்ற கெட்ட நிரல், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் கணினிகளில் புகுந்து டி.என்.எஸ். எண்ணை மட்டும் மாற்றிவிட்டிருந்தது. அந்தக் கணினிகள் கேட்ட பெயர்களுக்குத் திருடர்களின் சர்வர் பதில் சொன்னது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அந்தக் கூட்டத்தைப் பிடித்தது. ஆனால் சர்வர்களை உடனே நிறுத்தினால் லட்சக்கணக்கானவர்களுக்கு நெட்டே போய்விடும் என்பதால், நீதிமன்ற அனுமதியோடு அதே எண்களில் நல்ல சர்வர்களைத் தற்காலிகமாக ஓட்டினார்கள். 2012 ஜூலை 9-ல் அவற்றையும் நிறுத்தினார்கள். அதற்குள் தன் கணினியின் எண்ணைத் திறந்து பார்க்காதவர்கள் அன்று காலை காரணம் தெரியாமல் நின்றார்கள்.

பூட்டுக்குப் பெயர் வாங்கிய ஊர் நம்முடையது. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் மகிழ்ந்தோம். மாங்காய்ப் பூட்டின் நெம்புகளைக் கையால் அரம் போட்டு, ஒரு சாவி இன்னொரு பூட்டில் சேராமல் பார்த்துச் செய்த கைகள் இந்த ஊரின் கைகள். அதே ஊரில், எத்தனை வீட்டு மோடங்கள் பெயரும் ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’ என்று கடையில் வந்த கோலத்திலேயே இருந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம். 2017 ஜூலையில் இப்படி முதல் கடவுச்சொல்லை மாற்றாத மோடங்களைக் குறிவைத்து ஒரு நிரல் நாடு முழுவதும் தாக்கியது. சுமார் 60,000 மோடங்கள் படுத்ததாகச் செய்தி வந்தது. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று பி.எஸ்.என்.எல். தன் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. மோடத்துக்குள் நுழைந்தவன் அதைச் செயலிழக்கச் செய்வதோடு நின்றால் கேடு குறைவு. உள்ளே இருக்கும் டி.என்.எஸ். எண்ணை மாற்றிவிட்டுச் சத்தமில்லாமல் போனால், உங்கள் வங்கியின் பெயரைத் தட்டும்போது யாருடைய கதவு திறக்கும் என்று சொல்ல முடியாது.

இன்றைக்கு வருவோம். தாமிரக் கம்பி போய் வீட்டுக்குள் ஃபைபர் வந்துவிட்டது. கேபிள் டிவி கொடுத்தவரே நெட்டும் கொடுக்கிறார். 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு நெட் என்பது கைப்பேசியில் இருப்பது என்று ஆகிவிட்டது. டி.என்.எஸ். எண்ணை யாரும் தட்டுவதில்லை. மோடம் பெட்டி தானாக வாங்கிக் கணினிக்குத் தருகிறது. கணினியில் போய்ப் பார்த்தால் ‘ஆட்டோமேட்டிக்’ என்று மட்டும் இருக்கும். நல்ல ஏற்பாடுதான். நூற்றில் தொண்ணூறு பேருக்கு அதைத் தொட வேண்டிய அவசியமே வராது. வரும் அந்த ஒரு நாளில்தான் கை பிசைகிறோம்.

சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுப் பெண் ஒரு மாலையில் ஓடி வந்தாள். ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள்.

“மாமா, எல்லா சைட்டும் வருது, இது மட்டும் வர மாட்டேங்குது. ஆனா போன் டேட்டால வருது. கஸ்டமர் கேருக்கு அடிச்சா ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு மட்டும்தான் சொல்றாங்க.”

தளம் படுத்துவிடவில்லை, கைப்பேசியில் வருகிறதே. லைனும் போகவில்லை, மற்றவை திறக்கின்றனவே. மிச்சம் இருப்பது பெயர் சொல்லும் ஆள். மடிக்கணினியில் விண்டோஸ் 11. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதி, வைஃபை, அதன் ஹார்டுவேர் பிராப்பர்டீஸ், அங்கே டி.என்.எஸ். அசைன்மென்ட் என்ற வரி. முன்பு என்ன இருந்தது என்று அவளையே ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ‘ஆட்டோமேட்டிக்’ என்று எழுதினாள். பிறகு எடிட், மேனுவல், ஐபிவி4 ஆன், முதல் கட்டத்தில் 1.1.1.1, இரண்டாவதில் 8.8.8.8, சேவ். பழைய விடைகள் கணினியின் நினைவில் தங்கியிருக்கும் என்பதால் ஒருமுறை அணைத்துப் போட்டோம். பக்கம் திறந்தது.

“என்ன மாமா பண்ணுனீங்க?” என்றாள். “197 மாதிரி” என்று சொல்ல வாயெடுத்தேன். அவளுக்கு 197 தெரியாது. குஜிலியம்பாறையில் அவள் அம்மா வீடு. அந்தக் கதையைச் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டாள்.

இன்று கூடியிருக்கும் நன்மைகளையும் சொல்ல வேண்டும். அன்று நாம் கேட்ட ஒவ்வொரு பெயரும் திறந்த அஞ்சலட்டைபோலப் போனது. வழியில் யாரும் படிக்கலாம், மாற்றியும் எழுதலாம். 2018 ஏப்ரல் 1-ல் கிளவுட்ஃப்ளேர் 1.1.1.1-ஐத் தொடங்கியபோது, கேள்விகளை மறைத்து அனுப்பும் வசதியோடு தொடங்கியது. பதிவுகளை 24 மணி நேரத்தில் அழிப்பதாகவும் வாக்குக் கொடுத்தது. அதே ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 9-ல் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ என்ற அமைப்பு சேர்ந்தது. விண்டோஸ் 11-லும் அந்த எண்களைத் தட்டும் இடத்திலேயே மறைத்து அனுப்பும் தேர்வு இருக்கிறது. குவாட்9 நடத்தும் 9.9.9.9, தீங்கான தளங்கள் என்று அறியப்பட்டவற்றுக்கு எண் சொல்ல மறுத்துவிடும். கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.3 குழந்தைகளுக்கு ஆகாத தளங்களையும் சேர்த்து மறுக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில், காசு செலவில்லாமல் ஒரு நிமிடத்தில் போடக்கூடிய வேலி அது.

ஆனால் ஆளை மாற்றினால் நம்பிக்கையும் இடம் மாறுகிறது என்பதை மறக்கக் கூடாது. உங்கள் வீட்டில் எந்தெந்தப் பெயர் எப்போது கேட்கப்பட்டது என்பது முன்பு உள்ளூர் இணைப்பு நிறுவனத்துக்குத் தெரிந்தது. மாற்றிய பிறகு நீங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனத்துக்குத் தெரியும். மறைத்து அனுப்பினாலும் எந்த எண்ணோடு பேசுகிறீர்கள் என்பதை இணைப்பு நிறுவனம் இன்னமும் பார்க்க முடியும். ரயில் நிலையம், விடுதி போன்ற இடங்களின் வைஃபையில் முதலில் வர வேண்டிய உள்நுழைவுப் பக்கம், பிரைவேட் டி.என்.எஸ். போட்ட கைப்பேசியில் வராமல் போகலாம். அலுவலகக் கணினியில் இதைத் தொடவே கூடாது. அங்கே உள்பெயர்கள் சிலவற்றுக்கு அலுவலகச் சர்வர் மட்டுமே எண் சொல்லும்.

அன்றைக்கு நினைத்துப் பார்க்காத இன்னொன்றும் நடந்திருக்கிறது. பெயரே தமிழில் இருக்கலாம். இலங்கைக்கு .இலங்கை, சிங்கப்பூருக்கு .சிங்கப்பூர், நமக்கு .இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்கள் டி.என்.எஸ்-இல் ஏறிவிட்டன. உள்ளே அவை ரோமன் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணம் செய்கின்றன. தட்டுபவர் தமிழில் தட்டினால் போதும். கடைப்பலகையில் தமிழ்ப் பெயரை அழகாக எழுதும் நம் ஊர் வியாபாரிகள், தளத்தின் பெயரையும் அதே தமிழில் வாங்கலாம். நான் நடக்கும் தெருக்களில் அப்படி ஒரு பலகையை இன்னும் பார்க்கவில்லை. பார்க்க ஆசைப்படுகிறேன்.

என் கணக்கில் இன்றைய ஏற்பாடு அன்றையதைவிட நல்லது, பாதுகாப்பானது, சுலபமானது. குறைந்திருப்பது ஒன்றுதான். அன்று கெட்டுக் கெட்டு நாங்கள் உள்ளே பார்த்தோம். இன்று கெடுவது அபூர்வம் என்பதால் யாரும் உள்ளே பார்ப்பதில்லை. கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகளே தங்கள் வீட்டுப் பெட்டி யாரிடம் பெயர் கேட்கிறது என்று சொல்லத் தெரியாமல் நிற்கிறார்கள். அது அவர்கள் குற்றமும் இல்லை. யாரும் அவர்களுக்குத் திறந்து காட்டவில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து, கணினியில் அந்த அமைப்பை ஒருமுறை திறந்து காட்டுங்கள். எதையும் மாற்ற வேண்டியதில்லை, பார்த்தால் போதும். இப்போது அங்கே என்ன இருக்கிறதோ அதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். உங்கள் பெட்டியின் கடவுச்சொல் இன்னும் ‘அட்மின்’ என்று இருந்தால் அதை அன்றே மாற்றுங்கள். மாற்றியதை அந்தத் தாளின் மறுபக்கம் எழுதி, வீட்டில் சாவி வைக்கும் இடத்தில் வையுங்கள்.